முதியோருக்கு மறதி நோயைக் கொண்டுவரும் உடல்நலக் கேடுகள்: எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது

அறுபதைத் தாண்டிய ஒருவர் சொன்னதையே திரும்பச் சொல்கிறார், வைத்த பணத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறார் என்றால், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடுவார்கள். அல்லது நேராகப் பெங்களூருக்கு அழைத்துப்போய்த் தலைக்கு ஸ்கேன் எடுத்துவிடுவார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதில் பெரும்பகுதியை வீட்டிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலுமே முடித்துவிடலாம். அந்த வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதே இந்த வழிகாட்டி.

லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கை, டிமென்ஷியா எனப்படும் மறதி நோயோடு தொடர்புடைய, மாற்றக்கூடிய 14 காரணிகளைக் குறிப்பிடுகிறது. குறைந்த படிப்பு, காது கேளாமை, கெட்ட கொழுப்பு, மனச்சோர்வு, தலைக்காயம், உடலுழைப்பின்மை, நீரிழிவு, புகைப்பழக்கம், உயர் இரத்த அழுத்தம், உடல் பருமன், அளவு மீறிய மது, தனிமை, காற்று மாசு, சரிசெய்யாத பார்வைக் குறை ஆகியவை அவை. இவை அனைத்தையும் அகற்ற முடிந்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு மறதி நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் கணிப்பு. இது மக்கள்தொகை முழுமைக்குமான கணக்கு. உங்கள் தாயாருக்கு ஆபத்து 45 விழுக்காடு குறையும் என்று இதற்குப் பொருளில்லை.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகப் போகக் கூடாது. கேட்காத காதோடு ஞாபகச் சோதனை செய்தால் முடிவு தவறாக வரும். மாத்திரைக் குழப்பத்தைச் சரிசெய்யாமல் சர்க்கரை அளவைப் பார்த்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டுப் புத்தகம், பெரியவர் சாப்பிடும் அத்தனை மருந்துகள், பழைய மருத்துவச் சீட்டுகள், ஆய்வுக்கூட அறிக்கைகள், ஆதார், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை ஆகியவற்றை ஒரே பையில் சேர்த்து வையுங்கள். மேல்கையில் சுற்றி அளக்கும் டிஜிட்டல் பி.பி. கருவி வீட்டில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கு வரும்போது அளக்கச் சொல்லலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று அத்திட்டம் தொடங்கப்பட்ட ஊரே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளிதான்.

இவற்றைவிட முக்கியமான தேவை, பெரியவரோடு அன்றாடம் இருக்கும் ஒருவர். வாரக்கடைசியில் மட்டும் ஊருக்கு வரும் மகனுக்குத் தெரியாதது, கூடவே இருந்து சோறு போடும் மருமகளுக்குத் தெரியும். ஆனால் மருத்துவமனையில் மகன் உள்ளே பேசிக்கொண்டிருப்பார், மருமகள் வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருப்பார். இந்த ஒரு பிழையைத் திருத்தினாலே மருத்துவருக்குப் பாதி வேலை குறையும்.

வயதையும் ஓரளவு சரியாகக் கணித்து எழுதுங்கள். ஆதாரில் சனவரி 1 என்று குத்துமதிப்பாகப் பதிவான வயதை நம்ப வேண்டாம். எம்.ஜி.ஆர். முதல்வரான 1977-க்கு முன்பு அவருக்குப் பிறந்த குழந்தைகள் எத்தனை, பின்பு எத்தனை என்று கேட்டால் உண்மையான வயதுக்கு அருகில் வந்துவிடலாம். மருந்தின் அளவையும் இரத்த அழுத்த இலக்கையும் மருத்துவர் தீர்மானிக்கும்போது 65-க்கும் 80-க்கும் வேறுபாடு உண்டு.

1. திடீரென வந்ததா, மெல்ல வந்ததா என்று பிரியுங்கள்

மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெதுவாக வருவது. நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசுகிறார், பகலில் தூங்கி இரவில் எழுந்து உளறுகிறார் என்றால், அது பெரும்பாலும் வேறொன்று. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், உப்புச் சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று முதியவரின் மூளையைச் சில மணி நேரத்திலேயே குழப்பிவிடும். காய்ச்சல் இல்லாமலேயே தொற்று இருக்கலாம் என்பதால், உடம்பு சுடவில்லை என்று காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் இழுத்துக்கொள்ளுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதால், உடனே 108-ஐ அழையுங்கள். எண்ணெய் தேய்த்துப் பார்ப்பதிலும் மந்திரிப்பதிலும் கழியும் நேரம் அந்த நாலரை மணியிலிருந்துதான் போகிறது.

கடந்த இரண்டு மூன்று மாதங்களில் விழுந்தாரா, வண்டியிலிருந்து சரிந்தாரா என்றும் கேட்டு எழுதுங்கள். மண்டையோட்டுக்கு உள்ளே மெதுவாகக் கசியும் இரத்தம், விழுந்து சில வாரங்கள் கழித்தே குழப்பமாகவும் தள்ளாட்டமாகவும் வெளிப்படும். மது அருந்துவோருக்கும் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்போருக்கும் இது அதிகம். ஸ்கேனில் தெரிந்துவிடும், அறுவை சிகிச்சையில் சரியாகவும் கூடும். காயம் ஆறிவிட்டது என்று யாரும் மருத்துவரிடம் சொல்லாமல் விடுவதால்தான் இது தவறிப்போகிறது.

2. மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள்

புதியவர்கள் எல்லோரும் தாண்டிப்போகும் படி இது. சீட்டில் எழுதியிருப்பதைப் பார்க்காதீர்கள். உண்மையில் வாய்க்குள் போவதைப் பாருங்கள். தலையணைக்கு அடியில், முந்தானை முடிச்சில், சாமி படத்துக்குப் பின்னால் இருப்பவை உட்பட அனைத்தையும் ஒரு முறத்தில் கொட்டி, ஒவ்வொன்றின் அட்டையிலும் பிராண்டு பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்து நோட்டில் எழுதுங்கள். மருந்துக்கடைக்காரரோ கிராம சுகாதார செவிலியரோ படித்துச் சொல்வார்.

முதலில் தேட வேண்டியது இரட்டிப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தந்த அம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரையும், தனியார் மருத்துவர் வேறு பிராண்டு பெயரில் எழுதிய அதே அம்லோடிபினும் ஒருசேர உள்ளே போய்க்கொண்டிருக்கும். சர்க்கரை மாத்திரையிலும் இதே கதைதான். இரண்டும் வேறு வேறு நிறம் என்பதால் பெரியவருக்கு அவை வேறு வேறு மருந்துகள்.

அடுத்து, மூளையை மந்தமாக்கும் மாத்திரைகள். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் குளோர்ஃபெனிரமைன், நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாமைக்கான ஆக்ஸிபியூட்டினின், மனநல மருந்துகளோடு சேர்த்துத் தரப்படும் டிரைஹெக்ஸிஃபெனிடில் ஆகியவை முதியோருக்கு மறதியையும் குழப்பத்தையும் உண்டாக்கும் வகையைச் சேர்ந்தவை. அல்பிரசோலம், குளோனசெபம், டயசெபம் போன்ற தூக்க மாத்திரைகள் இவற்றோடு சேர்ந்தால் விழுவதற்கும் வழி வைக்கும்.

எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பல மாதங்களாக எடுத்துவந்த தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். பட்டியலை மருத்துவரிடம் காட்டி, “இவற்றில் ஞாபகத்தைக் கெடுப்பது எது, எதைக் குறைக்கலாம், எப்படிக் குறைக்கலாம்” என்று கேளுங்கள். இதைக் கேட்காவிட்டால் பெரும்பாலும் இருக்கும் மாத்திரைகளோடு இன்னொன்று சேரும்.

மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளையும் விடாமல் எழுதுங்கள். அவை இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். 5-ஆம் படியில் அளக்கப்போகும் எண் அதனால்கூட ஏறியிருக்கலாம்.

3. மாற்றத்தை எழுதுங்கள், பரீட்சை வைக்காதீர்கள்

“இன்னிக்கு என்ன தேதி, பிரதமர் யார், நூறிலிருந்து ஏழைக் கழி” என்று வீட்டிலேயே கேள்வி கேட்டு, பதில் வராவிட்டால் நோய் என்று முடிவு கட்டுவது பரவலான பிழை. பள்ளிக்கே போகாத ஒரு பாட்டிக்கு முன்பும் தேதி தேவைப்பட்டதில்லை. அமாவாசையும் சந்தை நாளும் தெரிந்தால் அவருக்குப் போதும். பேனா பிடித்திராத கைக்குக் கடிகாரம் வரையும் சோதனை, படிப்பை அளக்குமே தவிர மூளையை அளக்காது.

அதற்குப் பதிலாக, அவர் முன்பு நன்றாகச் செய்துவந்த வேலைகளில் இப்போது தடுமாறுபவை எவை என்று எழுதுங்கள். களி கிண்டும்போது தண்ணீர் அளவு தவறுகிறதா? முதியோர் உதவித்தொகையை எண்ணி வைக்கத் தெரிகிறதா? தெரிந்த பேருந்தில் ஏறித் தெரிந்த நிறுத்தத்தில் இறங்குகிறாரா? மாட்டுக்குத் தீவனம் வைத்ததை மறந்து இரண்டாம் முறை வைக்கிறாரா? ஒவ்வொன்றுக்கும் எப்போது தொடங்கியது, அண்மையில் நடந்த ஓர் எடுத்துக்காட்டு என்ன என்ற இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் மருத்துவருக்குப் பயன். “ஞாபக மறதி அதிகம்” என்ற ஒற்றை வரி எதையும் சொல்லாது.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி வட்டாரங்களில் வீட்டு மொழி தெலுங்காகவோ கன்னடமாகவோ இருப்பது இயல்பு. வயதான காலத்தில், பின்னால் கற்ற மொழி முதலில் தடுமாறக்கூடும் என்பதால், அவ்வாவிடம் (பாட்டியிடம்) தமிழில் கேட்டுப் பதில் வரவில்லை என்று எழுதாதீர்கள். பிற்பாடு மருத்துவமனையில் சோதனை நடக்கும்போதும் வீட்டு மொழியை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெரியவர் எதிரிலேயே அவரது தவறுகளைப் பட்டியலிட வேண்டாம். வெட்கப்பட்டவர் அடுத்த முறை மறைக்கத் தொடங்கிவிடுவார். உங்கள் குறிப்பு அத்தோடு கெட்டுவிடும்.

4. காதைப் பாருங்கள், பிறகு கண்ணை

லான்செட் கணக்கில் காது கேளாமையும் கெட்ட கொழுப்பும் தலா 7 விழுக்காடு பங்குடன் முதலிடத்தில் நிற்கின்றன. காதில் சரியாக விழாததைப் புரிந்துகொள்ளவே மூளை தன் உழைப்பைச் செலவிடுகிறது. நினைவில் பதிப்பதற்கு மிஞ்சுவது குறைவு. கேட்காதவர் மெல்லப் பேச்சை விட்டு விலகுகிறார், அந்த விலகலும் தனியே ஒரு கேடு. இவை போக, கேட்காததால் பதில் சொல்லாதவரை மறந்துவிட்டார் என்று நாம் எழுதிவிடுகிறோம்.

வீட்டில் பார்க்கும் முறை எளிது. மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள். பெரியவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்று, அவரது ஒரு காதை விரலால் மூடச் சொல்லி, மூன்று எண்களை மூச்சுக்குரலில் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பின்னால் நிற்பது, அவர் உதட்டசைவைப் பார்க்காமல் இருப்பதற்காக. இரண்டு காதுகளையும் தனித்தனியே பாருங்கள். தடுமாறினால் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குச் செல்லுங்கள். பல நேரங்களில் காரணம் வெறும் குறும்பியாக இருக்கும், எடுத்தால் கேட்கும். அதற்காக வீட்டில் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவதும் ஊக்கால் குடைவதும் செவிப்பறையைக் கெடுத்துவிடும்.

காது கேட்கும் கருவி தேவை என்றால், கேட்கும் திறனை அளந்த பிறகே வாங்க வேண்டும். அளக்காமல் வாங்கும் மலிவுக் கருவி எல்லா ஓசையையும் ஒரேயடியாகப் பெருக்குவதால், இரண்டு நாளில் பெட்டிக்குள் போய்விடும். சரியான கருவிக்கும் பழக்கப்படச் சில வாரங்கள் ஆகும். முதலில் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு என்று கூட்டுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் காது கேட்கும் கருவி உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கருவி போட்டால் மறதி நோய் வராது என்று யாரும் உறுதி தர முடியாது. 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 70 முதல் 84 வயது வரையுள்ள ஏறத்தாழ ஆயிரம் பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தபோது, மொத்தக் குழுவில் வேறுபாடு தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்துக் காரணிகள் மிகுந்திருந்தவர்களிடம் மட்டும் அறிவுத்திறன் குறையும் வேகம் 48 விழுக்காடு தணிந்திருந்தது. சர்க்கரையும் பி.பி.யும் சேர்ந்திருக்கும் முதியவருக்கு இதை முயன்று பார்க்க அதுவே போதுமான காரணம் என்பது என் கருத்து.

கண்ணுக்கு ஒவ்வொரு கண்ணாக மூடி, சுவரிலுள்ள நாட்காட்டியின் பெரிய எண்ணையும் சிறிய எண்ணையும் காட்டச் சொல்லுங்கள். எண் தெரியாதவரை அரிசியில் கல் பொறுக்கச் சொல்லலாம். கண்புரை அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். “புரை முற்றட்டும்” என்று காத்திருந்தது பழைய காலம்; இப்போது அன்றாட வேலை தடைபட்டாலே செய்துவிடலாம். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறை விழித்திரையையும் காட்ட வேண்டும்.

5. இரத்த அழுத்தத்தைச் சரியாக அளவிடுங்கள்

மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களை ஆண்டுக்கணக்கில் கெடுப்பது உயர் இரத்த அழுத்தம். தவறான அளவு தவறான மருந்தில் கொண்டுபோய் விடும் என்பதால், முறை முக்கியம். பேருந்தில் இறங்கி வெயிலில் நடந்து வந்தவுடன் அளக்கக் கூடாது. காப்பி, பீடி, புகையிலை எதுவும் முன்பு அரை மணி நேரம் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிய, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் எழுதிய எண்கள், மருத்துவமனையில் ஒரே ஒருமுறை எடுத்த எண்ணைவிட நம்பகமானவை.

பிறகு, நிற்க வைத்து ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் அளவிடுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், எழும்போது தலைசுற்றி விழும் ஆபத்து உண்டு. இதை அளக்காமல் மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், மூளையைக் காக்கக் கொடுத்த மருந்தே விழுந்து தலையில் அடிபடக் காரணமாகிவிடும்.

நாற்பது வயதிலிருந்தே மேல் எண்ணை 130 அல்லது அதற்குக் கீழ் வைத்திருக்க வேண்டும் என்பது லான்செட் குழுவின் பரிந்துரை. அமெரிக்காவில் 9,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2019-இல் முடிவு வெளியான ஆய்வில், மேல் எண்ணை 120-க்குக் கீழ் கொண்டுவர முயன்ற குழுவில், 140-ஐ இலக்காக வைத்த குழுவைவிட, லேசான அறிவுத்திறன் குறைபாடு குறைவாக இருந்தது. மறதி நோயைப் பொறுத்தவரை வேறுபாடு உறுதியாகவில்லை. அதில் சர்க்கரை நோயாளிகளும் பக்கவாதம் வந்தவர்களும் சேர்க்கப்படவில்லை. எனவே தளர்ந்துபோன 80 வயதுக்காரருக்கு அந்த எண்ணை நீங்களே இலக்காக வைக்காதீர்கள், மருத்துவர் சொல்லட்டும்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. சமையலில் குறைத்துவிட்டு ஊறுகாயையும் கருவாட்டையும் களிக்குத் தொட்டுக்கொண்டால் கணக்கு எங்கோ போய்விடும்.

பி.பி. சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. மாத்திரை இருப்பதால்தான் எண் இறங்கியிருக்கிறது.

6. சர்க்கரை: ஏறுவதைவிட இறங்குவதற்கு அஞ்சுங்கள்

நடுவயதில் தொடங்கிய நீரிழிவு மறதி நோயின் ஆபத்தைக் கூட்டுகிறது. ஆனால் முதியவர் வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது தாழ்சர்க்கரை. கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு, பசியில்லை என்றோ புரட்டாசிச் சனி விரதம் என்றோ சாப்பிடாமல் இருந்தால், சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கும். வியர்வை, நடுக்கம், எரிச்சல், சம்பந்தமில்லாத பேச்சு ஆகியவை வரும். அவர் பலமுறை அப்படிக் குழம்பினால், குடும்பம் அதை மறதி நோய் என்றே எண்ணிக்கொள்ளும். திரும்பத் திரும்ப வரும் கடுமையான தாழ்சர்க்கரை மூளைக்குத் தனியே ஒரு கேடு.

எனவே குழப்பம் எந்த நேரத்தில் வருகிறது, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று நோட்டில் எழுதுங்கள். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளிகிறாரா என்று பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; 108-ஐ அழையுங்கள்.

மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை செய்யுங்கள். பல நோய்கள் உள்ள, தளர்ந்த முதியவருக்கு அதை 8-க்குக் கீழ் வைத்தாலே போதும் என்று மருத்துவர்கள் பெரும்பாலும் இலக்கைத் தளர்த்துவார்கள். கேழ்வரகுக் களி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்பது நம் பக்கத்து நம்பிக்கை. இரண்டு பெரிய உருண்டை மாவுச்சத்துதான், அளவு முக்கியம்.

7. ஒரே நாளில் எடுக்க வேண்டிய இரத்தப் பரிசோதனைகள்

முழு இரத்த எண்ணிக்கை, தைராய்டு, வைட்டமின் பி12, சோடியம், சிறுநீரகம், கல்லீரல், கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றை மருத்துவர் சீட்டோடு ஒரே முறையில் எடுத்துவிடுங்கள். பி12 குறைவும் தைராய்டு சுரப்புக் குறைவும் மறதி நோயைப் போலவே தோன்றும். சிகிச்சையில் சீராகவும் வாய்ப்புண்டு. அசைவம் அரிதாக உண்பவர், பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர், வயிற்றெரிச்சல் மாத்திரையை விடாமல் போடுபவர் ஆகியோருக்குப் பி12 குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். பாதம் மரத்துப்போதல் அதன் ஒரு தடயம். பி12 ஊசி போட்ட பிறகு பரிசோதித்தால் அளவு உயர்ந்து காட்டும்; ஆகவே பரிசோதனை முதலில், ஊசி பிறகு.

பி.பி.க்கு நீர் மாத்திரை எடுப்பவருக்கு வாந்தி பேதி வந்தால் சோடியம் சட்டென்று இறங்கும். அப்போது வரும் குழப்பம் 1-ஆம் படியில் சொன்ன அவசரம்.

நினைவாற்றல் டானிக்குகளுக்குப் பணம் செலவிட வேண்டாம். ஜிங்கோ மூலிகையை 3,000-க்கும் மேற்பட்ட முதியோருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு, அது மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2008-இலேயே காட்டிவிட்டது. குறைபாடு இல்லாதவருக்கு ஆபத்தைக் குறைக்கும் நோக்கில் பி, ஈ வைட்டமின்களைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2019 வழிகாட்டுதலில் கூறுகிறது.

8. மனச்சோர்வும் தனிமையும்

துணையை இழந்தபின் சாப்பாடும் பேச்சும் குறைந்து, எதைக் கேட்டாலும் “தெரியல” என்று சொல்பவர் மறதி நோயாளியாக இல்லாமல் மனம் சோர்ந்தவராக இருக்கலாம். மறதி நோயாளி பெரும்பாலும் தனக்கு ஒன்றுமில்லை என்பார். மனச்சோர்வுள்ளவர் தன் மறதியைப் பற்றித் தானே முறையிடுவார். இது உறுதியான விதியல்ல, இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஆகவே மருத்துவர் பார்க்கட்டும். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளில் பார்க்கிறார்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

இம்மாவட்டங்களில் பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, பெரியவர்கள் ஊரில் தனியே இருப்பது மிகுதி. நல்லெண்ணத்தில் செய்யும் ஒரு பிழையை இங்கே சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ஓய்வு வேண்டும் என்று ஆடுகளை விற்றுவிடுவார்கள். ஆட்டின் பின்னால் அவர் நடந்த நடையும், வழியில் நாலு பேரிடம் பேசிய பேச்சும் ஒரே நாளில் நின்றுபோகும். விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டையாவது விட்டுவையுங்கள். புளி தட்டும் இடத்துக்கோ கோயில் திண்ணைக்கோ தினமும் போக ஓர் ஏற்பாடு செய்யுங்கள்.

9. மது, புகையிலை, புகை

இவற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. தினமும் அதிகம் குடிப்பவரை வீட்டில் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்தச் செய்யாதீர்கள். வலிப்பும் உயிருக்கு ஆபத்தான குழப்பமும் வரும். மருத்துவமனையில், தயமின் (வைட்டமின் பி1) ஊசியோடு நிறுத்துவதே முறை. பீடியை எந்த வயதில் விட்டாலும் பயன் உண்டு. விறகடுப்பை மூடிய அறைக்குள் எரிக்காமல், புகை வெளியேறும் இடத்துக்கு மாற்றுங்கள்.

10. நடையும் விழாமையும்

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பும், மூன்று நாட்களாவது சமநிலைப் பயிற்சியும் முதியோருக்கு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுவது, சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது ஆகியவற்றில் தொடங்கலாம்.

நடக்கச் சொல்லும் முன், ஏன் நடப்பதில்லை என்று பாருங்கள். இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த ஊர்கள் உண்டு. ஆண்டுக்கணக்கில் அதைக் குடித்தவர்களுக்கு முதுகெலும்பும் மூட்டும் இறுகி நடை குறைகிறது. அதற்காகப் புளோரைடையே மறதி நோய்க்குக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. நடையையும் பழக்கத்தையும் முடக்குவதே இங்கே கவலை. குடிக்கவும் சமைக்கவும் ஆழ்துளைக் கிணற்று நீரை விட்டு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைப் பயன்படுத்துங்கள். காய்ச்சினால் புளோரைடு போகாது.

குளியலறைக்குப் பிடிகம்பி, இரவில் ஒரு சிறு விளக்கு, வாசற்படியில் ஈரம் இல்லாமை ஆகியவை தலைக்காயத்தைத் தடுக்கும் மலிவான வழிகள். பைக்கில் பின்னால் ஒருக்களித்து உட்காரும் அம்மாவுக்கும் தலைக்கவசம் வேண்டும்.

11. மருத்துவரைப் பார்க்கும் நாள்

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலோ ஓசூர் அரசு மருத்துவமனையிலோ பொது மருத்துவப் பிரிவில் தொடங்குங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் ஐந்து வரிகளில் சுருக்கம் இருக்கட்டும்: எப்போது தொடங்கியது, எந்த வேலைகள் தடுமாறுகின்றன, விழுந்தாரா, என்னென்ன மருந்துகள், காதும் கண்ணும் எப்படி. நெரிசலில் மருத்துவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் அந்த ஐந்து வரிகள்தான் படிக்கப்படும்.

கண்ணாடியையும் காது கருவியையும் போட்டு அழைத்துச் செல்லுங்கள். காலை உணவைத் தவறவிடாதீர்கள். இரத்தப் பரிசோதனை முடிவுகள் இல்லாமல் முதலிலேயே எம்.ஆர்.ஐ. எடுப்பதில் பயன் குறைவு. ஸ்கேனில் வயதுக்குரிய சுருக்கம் தெரியும், அதைப் பார்த்துக் குடும்பம் கலங்கும். பி12 குறைவோ அதில் தெரியாமல் போகும்.

12. ஆறு மாதம் கழித்து

2015-இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில், 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரில் ஒரு பாதியினருக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தக் கண்காணிப்பு ஆகியவற்றைச் சேர்த்தே இரண்டு ஆண்டுகள் தந்தபோது, பொதுவான ஆலோசனை மட்டும் பெற்ற மறுபாதியைவிட அவர்களது அறிவுத்திறன் மேம்பட்டிருந்தது. ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு ஒரு மாதத்தில் பலன் தேடுவது வீண்.

அப்பாவுக்குப் பார்த்த பி.பி., சர்க்கரை, கொழுப்பு மூன்றையும், நாற்பதைத் தாண்டிய பிள்ளைகளும் அதே நாளில் தங்களுக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும். கெட்ட கொழுப்பும் இரத்த அழுத்தமும் நடுவயதில்தான் மூளைக்கு அதிகக் கேடு செய்கின்றன. எழுபதில் தெரியும் சேதம் நாற்பத்தைந்தில் தொடங்கியது.

ஆறு மாதம் ஆனதும், முதலில் எழுதிய அதே ஆள், அதே வேலைகளைப் பற்றி, அதே மொழியில் மீண்டும் எழுதட்டும். காது, மாத்திரை, பி.பி., சர்க்கரை, பி12 எல்லாம் ஒழுங்கான பின்பும் தடுமாற்றம் கூடியிருந்தால், அப்போது மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் பெற்றுப் பெங்களூரு நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல் மருத்துவமனை) போன்ற இடத்துக்குச் செல்வது பொருத்தம். போகும்போது நோட்டின் இரண்டு பதிவுகளையும், மருந்துப் பட்டியலையும், எல்லா அறிக்கைகளின் நகல்களையும், அன்றாடம் கூட இருப்பவரையும் அழைத்துச் செல்லுங்கள். பராமரிப்பிலோ உதவித்தொகையிலோ வேறு சிக்கல் இருந்தால் முதியோர் உதவி எண் 14567-இல் கேட்கலாம்.